நீல நூல் தைத்த நாற்பது சாக்குகள்

மணவாளக்குறிச்சி
8-9-1955

மகள் ஜெபகனிக்கு,

உன் ஆகஸ்டு மாதக் கடிதம் வந்து சேர்ந்தது. நான் மூன்று தடவை வாசித்தேன். உன் அம்மாவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினேன், அதிலும் பாதியை விழுங்கிவிட்டேன்.

அக்டோபர் முதல் ஆறு மாதம் சர்வகலாசாலைக்குப் போக வேண்டாம், ஓர் ஆலையில் போய் வேலை பார்க்க வேண்டும், அதுவும் படிப்பில் சேர்த்திதான் என்று எழுதியிருக்கிறாய். ஆலையில் நிற்பதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டுமா? இங்கே நம் வீட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தால் ஆலை தெரிகிறது. இருபத்தெட்டு வருஷமாக அங்கே காந்த மிஷினுக்கு முன்னால் நான் நிற்கிறேன். நீ நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் நின்றேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் பழைய பத்திரிகையிலும் மிஷினோடு வந்த இங்கிலீஷ் புஸ்தகத்திலும் நானாகத் தடவித் தடவிப் படித்தது. மணலில் கருமணலைக் காந்தம் ஒரு பக்கம் இழுக்கிறது, வெள்ளை மணல் மறுபக்கம் விழுகிறது, நடுவில் ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டில் பிரிப்புத் தகட்டை நிறுத்த வேண்டும். கோடு நகர்ந்தால் தகடும் நகர வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதைப் பட்டம் வாங்கிய நான்கு பேருக்குக் காட்டிக் கொடுத்தேன். நான்கு பேரும் எனக்கு மேலே போய் உட்கார்ந்தார்கள். இப்போது இருக்கும் சூப்பர்வைசர் செல்வதாஸ் ஐந்தாவது. "அண்ணாச்சிக்கு ஒரு சர்டிபிக்கேட் மட்டும் இருந்திருந்தா எங்கயோ போயிருப்பாரு" என்று என் காது கேட்கவே சொல்கிறான். அந்தக் காகிதத்தைக் கொண்டுவரத்தான் உன்னை அனுப்பினேன்.

வேலை செய்வதும் படிப்புதான் என்று உன் சர்வகலாசாலை சொல்லுமானால், என் இருபத்தெட்டு வருஷத்துக்கு எத்தனை பட்டம் என்று கேட்டு எழுது.

மற்றபடி சுகம். சாக்குத் தைக்கும் பகவதியப்பன் ஒன்பது நாள் வேலைக்கு வரவில்லை, அவன் பெண்சாதி செல்லத்தாய்க்குக் காய்ச்சல். இன்றைக்குத்தான் வந்தான். அவன் இல்லாத நாளெல்லாம் சாக்குத் தைப்பதும் நம்பர் போடுவதும் என் தலையில் விழுந்தது.

இப்படிக்கு,
உன் அப்பா இஸ்ரவேல்


பிலடெல்பியா
24-10-1955

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கோபம் எனக்குப் பன்னிரண்டு நாளில் வந்து சேர்ந்தது. எத்தனை பட்டம் என்று பேராசிரியரிடம் உண்மையாகவே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நியாயமான கேள்வி" என்றார்.

இந்தச் சர்வகலாசாலை அரசாங்கத்தினுடையது அல்ல, தனியார் நடத்துவது. நகரத்தின் நடுவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தோட்டமோ மைதானமோ கிடையாது. ஆராய்ச்சிக்கூடத்துச் சன்னலைத் திறந்தால் டிராம் வண்டிச் சத்தம். ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் ஆலை என்று ஐந்து வருஷம் மாறி மாறிப் போகும். ஆலையில் செய்ததைக் கடைசியில் ஓர் அறிக்கையாக எழுத வேண்டும். மேலே இருப்பவர் அதில் கையெழுத்துப் போட்டால்தான் அந்த ஆறு மாதம் கணக்கில் சேரும். பணக்கார வீட்டுப் பையன்களும் என்னோடு கைமுட்டி வரை அழுக்காகித்தான் வருகிறார்கள். இங்கே அது கேவலம் இல்லை அப்பா.

எனக்குக் கொடுத்த ஆலை ஆற்றங்கரையில் இருக்கிறது. பெயிண்டுக்கான வெள்ளைப் பொடி செய்கிறார்கள். எதிலிருந்து தெரியுமா? கருமணலிலிருந்து. என் வேலை, வரும் மணலைப் பரிசோதிக்கும் அறையில். போன வாரம் ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்கள். அதில் நம் குளச்சல் துறைமுகத்தின் பெயர் இங்கிலீஷில் முத்திரை. ஆகஸ்டு முடிவில் கிளம்பிய கப்பல். நான் சாக்கைப் பிரிக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மேலதிகாரி மயக்கம் வந்துவிட்டதோ என்று தண்ணீர் கொண்டுவந்தார்.

ஒன்று கேட்க வேண்டும். எல்லாச் சாக்கும் சணலால் தைத்திருக்க, நடுநடுவே சிலவற்றில் மட்டும் நீலம், சிவப்பு, மஞ்சள் நூல் இருக்கிறது. இங்கே யாருக்கும் காரணம் தெரியவில்லை. நான் கேட்பதற்குள் அந்த மணலெல்லாம் பொடி செய்யும் தொட்டியில் போய்விட்டது. அது ஏன் அப்பா?

அம்மாவுக்குப் பாதி மட்டும் வாசித்துக் காட்டாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்,
ஜெபகனி


மணவாளக்குறிச்சி
7-11-1955

மகளுக்கு,

நீ ஆலையில் நிற்பதை நான் சம்மதித்ததாக எண்ணாதே. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன், அவ்வளவே.

எங்கள் ஆலையில் மூன்று காந்த மிஷின் உண்டு. பொழுது சாயும் நேரம் மிஷினை நிறுத்துவோம். அன்றைக்கு ஒவ்வொரு மிஷினிலிருந்தும் கடைசியாக நிறையும் சாக்கை மட்டும் அந்த மிஷினுக்குரிய நிற நூலால் தைப்போம். எத்தனை நாள் ஓடியது என்று கப்பலில் ஏற்றும்போது எண்ணிப் பார்க்க அது அடையாளம். சாக்கின் வாயில் மையால் ஒரு நம்பரும் இருக்கும். கப்பல் போனதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். இந்த ஏற்பாட்டைச் செய்தது கம்பெனி அல்ல, நான். இருபது வருஷமாக நடக்கிறது. ஒரு துரையும் இது ஏன் என்று கேட்டதில்லை. நீ கேட்டிருக்கிறாய்.

நீலம் என்னுடையது.

அக்டோபர் இருபதாம் தேதி ஒரு கப்பல் கிளம்பியது. அதில் நாற்பது நீல நூல் சாக்கு வருகிறது. செப்டம்பர் முதல் தேதி தொடங்கிய நாற்பது வேலை நாள். வந்தால் பார்.

பகவதியப்பனிடம் சொன்னேன். "நம்ம நூலு அமெரிக்காவுல பிள்ளை கையில போய்ச் சேருதா! அண்ணாச்சி, இனிமே கொஞ்சம் நெருக்கித் தைக்கணும், மானத்தக் காப்பாத்தணுமே" என்றான். அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். உன் அம்மா நீலநூல் ஒரு முழம் கேட்டு வாங்கி வேதப்புஸ்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா இஸ்ரவேல்


மணவாளக்குறிச்சி
27-1-1956

ஜெபகனிக்கு,

இந்தக் கடிதத்தை நான் வீட்டிலிருந்து எழுதுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை, வேலை நாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் வீட்டில் இருந்து நீ பார்த்ததுண்டா?

செவ்வாய்க்கிழமை செல்வதாஸ் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டான். மேஜைமேல் ஒரு காகிதம். உன் ஆலையிலிருந்து வந்தது. இஸ்ரவேல் மிஷினின் நீல நூல் சாக்கு நாற்பதைப் பரிசோதித்ததில் வெள்ளை மணல் ஒப்பந்த அளவைவிட மிக அதிகம், இனி இப்படி வந்தால் கப்பலோடு திருப்பி அனுப்புவோம் என்று எழுதியிருந்தது. கீழே பரிசோதித்தவர் பெயர் இருந்த இடத்தை அவன் விரலால் தொட்டுக் காட்டினான். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியும். மிஷின் தகட்டில் படித்தது. ஜெ. இஸ்ரவேல்.

"இது யாரு அண்ணாச்சி?" என்று கேட்டான். தெரிந்துகொண்டே கேட்டான்.

"எம் மவளாக்கும்" என்றேன்.

"அப்ப நான் ஒண்ணும் சொல்லதுக்கு இல்ல. வீட்டுல இருங்க. மேல எழுதிக் கேட்டுட்டுச் சொல்லுகேன்."

என் மிஷினுக்கு முன்னால் இப்போது வேறொருவன் நிற்கிறான். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு சாக்கு திரும்பி வந்ததில்லை. நீலம் என்றால் யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? நூலின் விஷயத்தை உன் ஒருத்திக்குத்தான் எழுதினேன்.

வேறு எழுத ஒன்றுமில்லை.

இஸ்ரவேல்


பிலடெல்பியா
10-2-1956

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் "மகளுக்கு" என்றும் இல்லை, "உன் அப்பா" என்றும் இல்லை. அதை நான் கவனித்தேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நீலம் யாருடையது என்று சொன்னது நான்தான். உங்கள் கடிதம் வந்த அன்று மாலையே மேலதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "இது என் அப்பாவின் மிஷின், இந்த அடையாளம் அவர் கண்டுபிடித்தது" என்று அறையில் இருந்த எல்லாருக்கும் சொன்னேன். நான் தனியாகச் செய்ய வேண்டிய முதல் பரிசோதனை ஒன்று பாக்கி இருந்தது. எந்த மணலில் வேண்டுமானாலும் செய்யலாம் என்றார்கள். நான் உங்கள் நாற்பது சாக்கைக் கேட்டு வாங்கினேன். அறிக்கையில் உங்கள் வேலை மிகச் சுத்தம் என்று எழுதி, அதன் பிரதியை உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்பா, பெருமைக்காகத்தான் செய்தேன்.

முடிவு வேறாக வந்தது. நாற்பதில் எடுத்த மணலிலும் வெள்ளை அதிகம். மூன்று முறை நிறுத்துப் பார்த்தேன். பெயர் போடாமல் ஒரு நாள் தள்ளிப்போட்டேன். ஆனாலும் நிறுத்த எடையை மாற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. அது உங்களிடமிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். அந்தக் காகிதம் குளச்சல் வரை வரும், செல்வதாசின் மேஜையில் விரியும் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

உங்கள் மிஷினில் அந்த நாட்களில் ஏதாவது கோளாறு இருந்ததா? இருந்தால் எழுதுங்கள். நான் இங்கே சொல்கிறேன்.

ஜெபகனி


மணவாளக்குறிச்சி
24-2-1956

ஜெபகனிக்கு,

மிஷினில் கோளாறு இல்லை. கோளாறு உன் கையில்.

மணலை எப்படி எடுத்தாய்? அதை ஏன் எழுதவில்லை? சாக்கின் வாயைப் பிரித்து, மேலே இருந்ததைக் கரண்டியால் அள்ளினாய். வேறு எப்படி எடுத்திருப்பாய்? மேஜை முன்னால் படித்தவர்கள் அப்படித்தான் எடுப்பார்கள்.

கருமணல் கனம், பொடி. வெள்ளை மணல் லேசு, பருத்தது. இரண்டையும் ஒரு சாக்கில் போட்டுக் குலுக்கு. கறுப்பு கீழே இறங்கும், வெள்ளை மேலே வரும். இங்கிருந்து குளச்சலுக்கு மாட்டு வண்டி, குளச்சலில் வள்ளம், பிறகு ஐம்பது நாள் கப்பல். அத்தனை தூரம் குலுங்கி வந்த சாக்கின் வாயில் வெள்ளை இல்லாமல் வேறு என்ன இருக்கும்? அதை அள்ளி நிறுத்து, பெற்ற தகப்பன் பெயருக்குக் கீழே உன் பெயரை எழுதினாய்.

சாக்கின் உயரத்துக்கு ஒரு மூங்கிலை எடுத்து, நீளவாக்கில் ஒரு பக்கம் கீறி, முனையைச் சீவி, சாக்கின் அடி வரைக்கும் குத்தி, திருகி வெளியே இழு. மேலிருந்து அடிவரை அத்தனையும் குழலில் வரும். அதை நிறு. நான் குளச்சலில் ஏற்றும் முன் அப்படித்தான் பார்ப்பேன். இதை எந்தப் புஸ்தகத்திலும் நான் படிக்கவில்லை.

பகவதியப்பன் தினமும் வந்து வாசலில் நிற்கிறான். "அண்ணாச்சி, புது ஆளுக்கு மிஷினு வெளங்கல்ல. நான் அவனுக்கு முன்னால இருமி என்ன பிரயோசனம், அவனுக்கு அது தெரியாதே" என்று ஏதோ உளறினான். நான் அவனை வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

குழல் போட்டுப் பார்த்துவிட்டு எழுது. அதுவரை எழுதாதே.

இஸ்ரவேல்


பிலடெல்பியா
2-4-1956

அன்புள்ள அப்பாவுக்கு,

குழல் போட்டுப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மேலதிகாரி முதலில் சம்மதிக்கவில்லை. கரண்டியால் அள்ளுவது அவருடைய அறையின் விதி. அது தப்பு என்றால் இத்தனை வருஷ அறிக்கையும் தப்பாகும். "படிக்க வந்த பெண் விதியைத் திருத்த வேண்டாம்" என்றார். நான் சர்வகலாசாலைக்குப் போய்ப் பேராசிரியரிடம் உங்கள் கடிதத்தை இங்கிலீஷில் வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் ஒரு கண்ணாடிப் பெட்டி கொண்டுவந்தார். அதில் கறுப்பும் வெள்ளையும் கலந்து போட்டு, மிஷினில் வைத்து நாள் முழுவதும் குலுக்கினோம். நீங்கள் எழுதியபடியே ஆயிற்று. வெள்ளை மேலே வந்து படிந்தது. அவர் பெட்டிக்கு முன்னால் முழங்காலிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "லேசானது ஏன் இப்படி ஏறுகிறது என்பதே ஓர் ஆராய்ச்சி" என்றார். பிறகு அவரே ஆலைக்குப் பேசி, புகாருக்காகத் தனியே வைத்திருந்த நாற்பது சாக்கையும் மறுபடி பார்க்க அனுமதி வாங்கித் தந்தார். இங்கே மூங்கில் கிடைக்கவில்லை. செம்புக் குழாயை நானே அறுத்துக்கொண்டேன்.

முப்பத்து நான்கு சாக்கு சுத்தம் அப்பா. இந்த அறையில் இவ்வளவு சுத்தமான மணல் வந்ததே இல்லை என்று கூட இருப்பவர்கள் சொன்னார்கள். முதலில் நான் எழுதியது தப்பு. அதற்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆறு சாக்கு சுத்தமில்லை. மேலிருந்து அடிவரை ஒரே மாதிரி வெள்ளை கலந்திருக்கிறது. குலுங்கியதால் வந்தது அல்ல அது. தகடு கோட்டில் நிற்காததால் வந்தது.

அந்த ஆறும் ஒன்று முதல் ஆறு வரை நம்பர் போட்டவை. மற்றச் சாக்கில் நம்பர் பகவதியப்பன் மாமாவின் சின்னச் சின்ன எழுத்து. இந்த ஆறில் மட்டும் உங்கள் எழுத்து. எனக்குத் தெரியாதா அந்த எழுத்து? ஆனால் மூன்று என்று எழுதியதன் மேலேயே மறுபடி ஒரு மூன்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து பாதி சாக்கிலும் பாதி தையலிலும் கிடக்கிறது. உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். போன வருஷம் வரிகள் நேராக இருந்தன. இப்போது வலது ஓரம் போகப் போகச் சரிந்து அடுத்த வரிமேல் விழுகின்றன.

அப்பா, பொழுது சாயும் நேரத்தில் உங்களுக்கு அந்தக் கோடு தெரிகிறதா? பகவதியப்பன் மாமா எதற்காக இருமுகிறார்?

என் ஆறு மாத அறிக்கையை இந்த மாதம் முப்பதாம் தேதி கொடுக்க வேண்டும். அது ஆலைக்கும் போகும், அங்கிருந்து உங்கள் கம்பெனிக்கும் போகும். நான் முதலில் செய்த தப்பை அதில் எழுதுகிறேன். அதனால் மேலதிகாரி கையெழுத்துப் போடாமல் போகலாம், போனால் இந்த ஆறு மாதம் எனக்கு இல்லை. அது என் பாடு. ஆனால் அந்த ஆறு சாக்கை எழுதுவதற்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

உங்கள் மகள்,
ஜெபகனி


மணவாளக்குறிச்சி
16-4-1956

ஜெபகனிக்கு,

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

முப்பத்து நான்கு சுத்தம் என்று ருசுவாகிவிட்டது. அதோடு நிறுத்து. மீதி ஆறைப் பற்றி உன்னை யாரும் கேட்கவில்லை. அந்த வாரம் மிஷினுக்கு வரும் கரண்ட் ஏறி இறங்கியது என்று எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை. நான் உள்ளே போய்விட்டால் மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்.

தகப்பன் எழுதிய நம்பரை வைத்துத் தகப்பனுக்கு வைத்தியம் பார்க்கத்தான் உன்னை அங்கே அனுப்பினேனா? ஆறு சாக்கை எழுதினால் எனக்கு இந்த ஆலையில் மறுபடி இடமில்லை. மிஷினுக்கு முன்னால் நிற்காத நான் யார் என்று எனக்கே தெரியாது. இதை உன்னிடம் கெஞ்சுவதாக எண்ணாதே. சொல்கிறேன்.

உன் அம்மா கேட்கிறாள். "பிள்ளை என்ன எழுதியிருக்கா? ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கிய?" நான் வாசித்துக் காட்டவில்லை.

இஸ்ரவேல்


பிலடெல்பியா
30-4-1956

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்று அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். அதை உங்களுக்காகத் தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மூன்று பத்திதான்.

முதல் பத்தி, நான் செய்த தப்பு. இரண்டாவது, குழல் போட்டு எடுக்கும் முறை. "இம்முறையைத் தம் அனுபவத்தால் கண்டவர் மணவாளக்குறிச்சிக் காந்த மிஷின் இயக்குநர் இஸ்ரவேல்" என்று எழுதியிருக்கிறேன். மகள் என்று எழுதவில்லை. மூன்றாவது பத்தியில் நாற்பது சாக்கின் நிறையும் நம்பர் வரிசைப்படி இருக்கிறது. நாற்பதும் இருக்கிறது. மிஷினில் நிற்பவரின் கண் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அது நான் நிறுத்துப் பார்த்தது அல்ல.

மேலதிகாரி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

நீங்கள் எனக்கு எழுதாமல் இருக்கலாம். நெய்யூரில் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

ஜெபகனி


மணவாளக்குறிச்சி
11-11-1956

மகள் ஜெபகனிக்கு,

ஏழு மாதமாக நான் எழுதவில்லை. உன் அம்மா சபைப் பிள்ளைகளைக் கொண்டு உனக்கு எழுதினாள் என்று தெரியும். அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம். மீதியை நான் எழுதுகிறேன்.

இனிமேல் விலாசத்தில் திருவிதாங்கூர்-கொச்சி என்று போடாதே. இம்மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து நாம் மதராஸில் சேர்ந்துவிட்டோம். பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள்.

உன் அறிக்கை ஜூலை மாதம் கம்பெனிக்கு வந்தது. செல்வதாஸ் ஆள் அனுப்பினான். போனேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த ஆபீசில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"அண்ணாச்சி, உங்க குழலு அங்க பெரிய பேராயிட்டு. அவுங்க சாம்பிள் எடுத்ததே தப்புன்னு நாம இப்ப கெட்டியாச் சொல்லலாம். நாற்பது சாக்கும் சுத்தம், மிஷின்ல ஒரு குறையும் இல்லன்னு எழுதி வச்சிருக்கேன். நீங்க ஒரு கையெழுத்து போடுங்க. நாளைக்குக் காலையில வந்து உங்க மிஷின்ல நில்லுங்க."

"ஆறு சாக்கு இருக்கே" என்றேன்.

"அது மூணாவது பத்தியில கெடக்கு. அத ஆரு வாசிக்கா? ரெண்டாவது பத்தி போதும் நமக்கு."

ஏப்ரலில் நான் உன்னை எழுதச் சொன்னது இதைத்தான். நான் சொன்ன அதே வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சட்டைப் பையில் உன் தமிழ்க் காகிதம் இருந்தது. இரண்டு மாதமாக அங்கேதான் இருந்தது. "முதல் தப்பு பரிசோதித்தவளாகிய என்னுடையது" என்று தொடங்கியிருக்கிறாய். உன்னை யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. எழுதாவிட்டால் உனக்குக் கையெழுத்துக் கிடைத்திருக்கும்.

"பொழுது சாயட்டு, மிஷின்ல வந்து கையெழுத்து போடுகேன்" என்றேன்.

ஆறு மணிக்குப் போனோம். விளக்கு இன்னும் போடவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பகவதியப்பன் சாக்குக்குப் பக்கத்தில் நின்றான். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்ததை நான் பார்க்கவில்லை, அவன் குரலில் கேட்டேன்.

"இண்ணைக்கு இருமாத, கேட்டியா?" என்றேன்.

"அண்ணாச்சி..."

"இருமாதன்னு சொன்னேன்லா."

இரண்டு வருஷமாக அவன் இருமினான் மகளே. கோடு உள்ளே நகர்ந்தால் ஒரு இருமல், வெளியே நகர்ந்தால் இரண்டு. நான் அவனிடம் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. முதல் நாள் தற்செயலாக இருமினானோ என்னவோ, என் கை தானாக நகர்ந்தது, அவன் அதைப் பார்த்துக்கொண்டான். அதன் பிறகு பொழுது சாய்ந்தால் அவனுக்குத் தொண்டை கட்டிவிடும். மிஷினில் நிற்பவனுக்கும் சாக்குத் தைப்பவனுக்கும் நடுவில் இப்படி ஒன்று இருந்ததை ஆலையில் ஒருவரும் அறியவில்லை.

நான் தகட்டைப் பிடித்தேன். எனக்கு ஒரு சாம்பல் நிறம்தான் தெரிந்தது. கோடு இருக்கும் என்று நினைத்த இடத்தில் நிறுத்தினேன். பகவதியப்பன் இருமவில்லை. அவன் மூச்சை அடக்குவது எனக்குக் கேட்டது.

"சூப்பர்வைசரே, வந்து பாரும். தகடு கோட்டுல நிக்கா?"

செல்வதாஸ் குனிந்து பார்த்தான். தகட்டின் பக்கத்தில் விரலை வைத்து அளந்தான்.

"நாலு விரக்கடை தள்ளி இருக்கு அண்ணாச்சி" என்றான். அவன் என்னிடம் மனசிலிருந்து மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. மரியாதையாகப் பேசுகிறவன் மெதுவாகப் பேசுவான்.

"அந்த ஆறு சாக்கு இதுதான். எழுதிக்கிடும். மிஷின்ல குறையில்லன்னு எழுதினது சரி. குறை எனக்கு."

பகவதியப்பன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். நான் அவனைத் திட்டினேன். "ஏலே, சாக்கு நிறைஞ்சு வழியுது பாரு, எந்திரி." அவன் எழுந்து தைத்தான். அன்றைய கடைசிச் சாக்கு. நீல நூல்.

சாம்பிள் எடுக்கும் வேலை தருகிறேன், பகலில் வந்தால் போதும் என்று மறுநாள் செல்வதாஸ் சொல்லி அனுப்பினான். குழல் போட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதை ஆபீஸ் புஸ்தகத்தில் விதியாக எழுதி, என் கண்முன் வாசித்துக் காட்டினால் வருகிறேன் என்றேன். இன்னும் எழுதவில்லை. நானும் போகவில்லை. எழுதட்டும்.

செப்டம்பரில் நெய்யூரில் வலது கண்ணில் அறுத்தார்கள். நீ சொன்னதற்காக அல்ல. உன் அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாள். இடது கண் அடுத்த வருஷம். இப்போது தடித்த கண்ணாடி போட்டிருக்கிறேன். முதலில் பார்த்தது உன் அம்மா தலைமுடி. எப்போது இவ்வளவு நரைத்தது என்று கேட்டேன். "நீங்க பாக்காத நேரத்துல" என்றாள்.

உன் மேலதிகாரி மறுத்த கையெழுத்துக்குப் பதிலாகப் பேராசிரியர் போட்டார், அந்த ஆறு மாதம் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று அம்மாவுக்கு எழுதியிருந்தாய். கேட்டேன். இப்போது மறுபடி ஆலையில் நிற்கிறாய் என்றும் கேட்டேன். நில்.

உன் அறிக்கையில் ஒரு தப்பு இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். சுத்தமில்லாதது ஆறு சாக்கு என்று எழுதியிருக்கிறாய். ஆறு அல்ல, ஒன்பது. செல்லத்தாய்க்குக் காய்ச்சல் வந்து பகவதியப்பன் வராமல் இருந்தது ஒன்பது மாலை. முதல் மூன்று மாலை ஆகஸ்டு மாதத்தில் வரும். அந்த மூன்று சாக்கும் முந்தின கப்பலில் ஏறிவிட்டது. நீ நூல் ஏன் என்று கேட்டு எழுதினாயே, அதற்குள் தொட்டியில் போய்விட்டது என்றாயே, அந்தச் சாக்குகளில் மூன்று. அதை நீ நிறுத்துப் பார்க்கவில்லை. உனக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும். உன் பேராசிரியரிடம் சொல்லித் திருத்தி எழுது. சொன்னவர் இஸ்ரவேல் என்று போட்டுக்கொள்.

இந்தக் கடிதத்தை நானே எழுதினேன், பகலில். வரிகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுது. எனக்கு நேராகத்தான் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா இஸ்ரவேல்